நிறமா? திறமா?

"திறமை இருந்தால் தடைகள் தாமே விலகும்" என்று மேடைதோறும் கேட்கிறோம். அது முழு உண்மையன்று என்பது என் தாழ்மையான கருத்து. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வீரர் டக் நிக்கல்ஸின் வாழ்க்கையே இதற்குச் சான்று.

அவர் 1906-ஆம் ஆண்டு, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கமரகுஞ்சா என்னும் பழங்குடியினர் குடியிருப்பில் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது, 16 வயதே ஆன அவருடைய அக்காளைக் காவலர்கள் பிடித்துச் சென்றனர். பழங்குடிச் சிறுமியரை வீட்டு வேலைக்குப் பழக்கும் விடுதியில் அடைத்தனர். ஏறக்குறைய நம் வயதுதான் அவளுக்கு! அவளிடம் என்னென்ன திறமைகள் இருந்தனவோ, யார் கேட்டார்கள்?

முட்டை வடிவப் பந்தைக் கொண்டு, அணிக்கு 18 பேராக ஆடும் ஆட்டம் அது. உயரமானவர்கள் துள்ளி எழுந்து பந்தைப் பிடிப்பார்கள். நிக்கல்ஸின் உயரமோ சுமார் 157 சென்டிமீட்டர்தான். ஆனால் ஓட்டத்தில் அவர் காற்று! 1927-இல் மெல்போர்ன் நகரின் கார்ல்டன் கழகத்தில் சேர முயன்றார். அவருடைய நிறத்தைக் காரணம் காட்டி, வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் பணியாளர்கள் அவரைத் தொட மறுத்தனர். மனம் நொந்து வெளியேறிய அவர், நார்த்கோட் அணியில் ஆடிப் பெயர் பெற்றார். 1932-இல் ஃபிட்ஸ்ராய் கழகத்தில் சேர்ந்தார். அங்கே உடைமாற்றும் அறையில் தனியே ஒதுங்கியிருந்தவரிடம், புகழ்பெற்ற வீரர் ஹேடன் பன்டன் தாமே வந்து நட்புக் கொண்டார். அக்கழகத்துக்காக 54 ஆட்டங்கள் ஆடிய நிக்கல்ஸ், 1935-இல் விக்டோரியா மாநில அணியிலும் இடம்பெற்றார்.

சிந்தித்துப் பாருங்கள், தோழியரே! 1927-இலும் அதே கால்கள்தாம். 1932-இலும் அதே கால்கள்தாம். மாறியது அவருடைய திறமையன்று. அருகில் இருந்தோரின் மனமே.

இதை நன்குணர்ந்ததால்தான் போலும், அவர் தம் புகழோடு நின்றுவிடவில்லை. போதகராகி, தம் மக்களின் உரிமைக்காக ஓயாது உழைத்தார். பழங்குடியினரை நாட்டின் மக்கள்தொகையில் சேர்த்து எண்ண வழிசெய்த 1967 வாக்கெடுப்புக்காகப் பாடுபட்டார். 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் ஆதரித்தனர். 1972-இல் 'சர்' பட்டம் பெற்றார். 1976-இல் தென் ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். இரண்டிலும் பழங்குடியினருள் அவரே முதல்வர். 1988-இல் அவர் மறைந்தார். 2016 முதல் ஆண்டுதோறும் ஒரு சுற்று ஆட்டங்கள் அவர் பெயரால் நடைபெறுகின்றன.

திறமையுள்ளவள் தானே முன்னுக்கு வரட்டும் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது எளிது. ஆனால் கடைசிப் பெஞ்சில் தனித்திருப்பவளின் அருகே சென்று அமர, நமக்குப் பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம். மனம் ஒன்றே போதும்!