எந்த நாற்காலியில் அளப்பீர்கள்?

இரத்த அழுத்தமா? உப்பைக் குறையுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், கோபப்படாதீர்கள். விடியும் முன்பே கிளம்பி நம் தெருக் குப்பையை அள்ளிவிட்டுத் திரும்பும் அக்காவிடமும் நடக்கச் சொல்லும் துணிச்சல் நம் மருத்துவ அறிவுரைக்கு உண்டு.

அறிவுரை எவ்வளவு தூரம் போகும் என்பதை லாஸ் ஏஞ்சலிஸில் அளந்தே பார்த்துவிட்டார்கள். கறுப்பர்கள் நடத்தும் 52 முடிதிருத்தகங்கள், அழுத்தம் கட்டுக்குள் வராத 319 கறுப்பின ஆண்கள். ரொனால்ட் விக்டர் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துநர் அறிவுரை சொன்னார், மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். மறு பகுதியில் மருந்தாளுநரே கடைக்கு வந்து அளந்து, மருத்துவர்களோடு பேசிவைத்த முறைப்படி மருந்து எழுதினார். ஆறு மாதத்தில் மேல் அளவு முதல் பிரிவில் சராசரியாக 9 குறைந்தது. இரண்டாவதில் 27.

இனவெறி கண்ட மக்கள் மருத்துவமனையை எளிதில் நம்புவதில்லை. ஆகவே அவர்கள் நம்பிய நாற்காலிக்கு மருந்து போனது.

நாமும் சலூனில் கருவி வைக்கலாம் என்று யாராவது திட்டம் தீட்டக்கூடும். எந்தச் சலூனில் தோழர்களே? தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் ஊர்கள் இன்றும் இருக்கின்றனவே! வெட்டினால் கடையைக் காலிசெய்ய வைப்பார்கள் என்று அஞ்சும் முடிதிருத்துநரும் ஒடுக்கப்பட்டவர்தான். மருத்துவர் என்ற பெயரோடு வைத்தியமும் பிரசவமும் பார்த்த சமூகத்தை இழிவுபடுத்தியதும் இதே சாதிதான். அங்கே புகலிடமான நாற்காலி, இங்கே பல ஊர்களில் தீண்டாமையின் நாற்காலி.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்தது. அது சாதாரண விசயமல்ல. ஆனால் வேலை நேரத்தில் தட்டினால் தூய்மைப் பணியாளர் வீட்டிலும் சூளைத் தொழிலாளி வீட்டிலும் பூட்டுதான் தொங்கும். பணியாளர்கள் வருகைப் பதிவு போடும் இடத்துக்கும் சூளைக்கும் கருவியும் மாத்திரையும் போகட்டும். அந்த அரை மணி நேரத்துக்கும் கூலி கொடுங்கள், ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்குங்கள்.

வீடு வீடாக நடந்து கையில் பட்டை கட்டும் மகளிர் குழுப் பெண்களை ஏன் இன்னும் தன்னார்வலர் என்கிறீர்கள்? அவர்கள் பார்ப்பது வேலை. ஊக்கத்தொகையை எடுத்துவிட்டுச் சம்பளம் போடுங்கள்.