ஜப்தியாகும் பேருந்து

இழப்பீடு தரப்படாததால் அரசுப் பேருந்தை நீதிமன்ற அமீனா ஜப்தி செய்தார் என்ற பெட்டிச் செய்தி தமிழக நாளிதழ்களில் அவ்வப்போது வருகிறது. நடுவழியில் இறக்கிவிடப்பட்ட பயணிகளின் சலிப்பும் கூடவே அச்சாகும். சற்றே நகைப்பூட்டும் அக்காட்சிக்குப் பின்னால் ஊன்றுகோலோடு ஒருவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது பெரும்பாலும் அச்சேறுவதில்லை.

தனி நிதி வைத்திருக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்களிக்க 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இடம்தருகிறது. விலக்குப் பெற்றால் இழப்பீட்டைக் கழகமே தர வேண்டும். தீர்ப்பு வந்து 30 நாட்களுக்குள் தொகையைச் செலுத்த வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. செலுத்தாவிட்டால், காயம்பட்டவரே நிறைவேற்று மனுவோடு மறுபடி படியேற வேண்டும். வென்ற வழக்கை இன்னொரு முறை நடத்துவது!

தீர்ப்பாயங்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. உடல் ஊனத்தின் விழுக்காடும் வருவாய் இழப்பின் விழுக்காடும் ஒன்றல்ல என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடக்கையை இழந்த அரசு எழுத்தர் வேலையில் நீடிக்கலாம். ஓட்டுநரோ தச்சரோ பிழைப்பையே முற்றாக இழக்கக்கூடும். மருத்துவச் சான்றிதழின் எண்ணைத் தாண்டி மனிதரின் தொழிலைப் பார்த்த பார்வை அது. (நம் சிறுகதைகளிலேயே இது அரிது.) அத்தனை நுட்பமாகக் கணக்கிட்ட தொகை கோப்பில் கிடக்கிறது, ஒரு பேருந்தை நிறுத்தினால்தான் நகர்கிறது. அதுவரை அந்தத் தச்சர் எதைக்கொண்டு அரிசி வாங்குவார்?