கலைச்சொல் பகுப்பு: அசையும் உறுப்பும்

நெடிய கலைச்சொற்களை எங்கே பிரிப்பது என்னும் வினா அச்சுக்கோப்போடு முடிவதன்று. அறிவியலைத் தமிழ்வழிப் பயிலும் மாணவரின் பொருளுணர்வையும் அது தொடுகிறது. விழுப்புரத்திலிருந்து 2019இல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில், பழங்குடியினருக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் பயிலும் மாணவர் பலருக்குப் பாடநூலே முதன்மைத் துணை. அந்நூல் சொல்லைப் பிரித்துக்காட்டும் முறை ஆராயத்தக்கது.

வரியிறுதியில் சொல்லை அசைப்படி முறிப்பது பிரெஞ்சு அச்சு மரபு. வெட்டுக்கிளி இனத்தைக் குறிக்கும் 'ஒர்தோப்தேர்' அவ்வாறு ஒர்-தோப்-தேர் எனப் பிரியும். அதன் கிரேக்க உறுப்புகளோ 'ஒர்தோ' (நேர்), 'ப்தேர்' (சிறகு) என்பன. அசைப்பகுப்பில் பகரமெய் முன்னசையோடு சேர்வதால் சிறகு என்னும் பொருள் மறைந்துவிடுகிறது.

தமிழிலும் இந்நிலை உண்டு. 'நுண்ணோக்கி' அசை நோக்கில் நுண்-ணோக்-கி எனப் பிரியும். ணகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. ஆகவே 'ணோக்கி' எனத் தனித்து நிற்பது மாணவருக்கு எப்பொருளும் தராது. நுண் + நோக்கு + இ எனப் பிரித்தால் பொருள் தானே விளங்கும். மலையில் உழவுத்தொழில் அறிந்த சிறுவனுக்கு 'மண்வெட்டி' புதிதன்று. மண்ணை வெட்டும் கருவி மண்வெட்டி. நுண்ணியதை நோக்கும் கருவி நுண்ணோக்கி. இகர விகுதி இரண்டிலும் கருவிப் பொருளில் நிற்கிறது. 'நுண்ணுயிரெதிர்ப்பி' நுண்-ணுயி-ரெதிர்ப்-பி என அசை பிரிகையில் உயிர், எதிர் என்னும் இரு சொற்களுமே சிதைகின்றன.

அசைப்பகுப்பு வேண்டாததன்று, பிழையற வாசிப்பதற்கு அது துணை. எனினும் ஒலிப்பெல்லையும் பொருளெல்லையும் எப்போதும் ஒன்றாகா. 'ஒளிச்சேர்க்கை' போன்றவற்றில் அவை பொருந்திவருவதைக் கொண்டு ஏனையவற்றுக்கும் அதுவே போதுமெனக் கொள்ளலாகாது.

பிரித்தெழுதுவது புணர்ச்சி மரபைக் குலைக்கும் எனத் தடை கூறப்படலாம். பாடத்தில் புணர்ந்த வடிவமே நிற்கட்டும். கலைச்சொல் அகராதியில் உறுப்புப் பகுப்பு இடம்பெறட்டும். செய்யுளைப் புணர்ந்தவாறே நிறுத்தி, உரையில் பிரித்துப் பொருள் காட்டிய உரையாசிரியர் நெறியும் இதுவே. பகுபத உறுப்புகளை ஆறாக வகுத்த நன்னூல் தேர்வுக்குரிய இலக்கணப் பகுதியாக ஒதுங்கிவிடாமல், அறிவியல் வகுப்பறையிலும் பயன்படுதல் வேண்டும். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் ஒவ்வொரு நெடுஞ்சொல்லுக்கும் அசை, உறுப்பு ஆகிய இரு பகுப்புகளையும் தருவதே இதற்கு முதற்படியாகும்.