மாம்பழத்தை ஒளிச்சு வச்சு சாப்பிடாதீங்க

மாம்பழ சீசன் வந்துட்டா கிளினிக்ல தினமும் இதே கேள்விதான். "சுகர் இருக்கு டாக்டர், மாம்பழம் சாப்பிடலாமா?" நான் வாயைத் திறக்கும் முன்பே பக்கத்தில் இருக்கும் மனைவி முந்திக்கொள்வார்: "தொடவே கூடாதுன்னு சொல்லுங்க டாக்டர்!"

நானும் பல வருடம் அப்படித்தான் சொன்னேன். இப்போது சொல்வதில்லை.

அறுபது வயது தாண்டிய ஐயா ஒருவர். மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 8.6. "வாயைக் கட்டிட்டுத்தான் இருக்கேன் டாக்டர்" என்றார். நம்பி, கிளிமிபிரைடு மாத்திரையின் அளவை ஏற்றினேன். சீசன் முடிந்தது. ஒருநாள் ராத்திரி சரியாச் சாப்பிடாமப் படுத்தவரை, விடிகாலையில் வேர்த்துக் கொட்டி, பேச்சு குழறிய நிலையில் தூக்கிட்டு வந்தாங்க. சுகர் 48. குளுக்கோஸ் ஏற்றிய பிறகு எழுந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் மகள் சொன்னார்: எல்லாரும் தூங்கின பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து தினம் ரெண்டு பழம் சாப்பிட்டிருக்கார். பழம் நின்றுபோச்சு, ஏற்றிய மாத்திரை நிற்கவில்லை.

இதில் பாதித் தப்பு என்னுடையது. "தொடாதே"ன்னு நான் சொன்னதால்தான் அவர் மறைச்சார்.

சரி, கணக்குக்கு வருவோம். 100 கிராம் மாம்பழத்தில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து. ஏறக்குறைய ஒன்றரை இட்லி, அவ்வளவுதான். வயிறு நிறைய சோறு சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் ஒரு முழுப் பழத்தை வைப்பதுதான் வம்பு. (காலையில் பெரிய சொம்பு நிறைய ராகிக் கூழ், சாயந்திரம் கருப்பட்டி காபி குடிச்சிட்டு மாம்பழத்தை மட்டும் வில்லனாப் பார்க்கிறவங்க கொஞ்சம் யோசிங்க. அதுவும் சுகரை ஏத்தும்.)

மூணு இட்லி சாப்பிடுபவரா? அன்னைக்கு ஒன்றரையோட நிறுத்திட்டு, நாலைந்து துண்டு பழம் எடுத்துக்கோங்க. கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருக்கட்டும். அதை முதலில் சாப்பிடுங்க, பழம் கடைசியில். ஜூஸ் வேண்டவே வேண்டாம். முடிச்சதும் 15 நிமிஷம் நடங்க.

முதல் வாய் வச்சதிலிருந்து 2 மணி நேரம் கழிச்சு குளுக்கோமீட்டரில் பாருங்க. பெரும்பாலானவர்களுக்கு 180-க்குள் இருந்தால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துக்குதுன்னு அர்த்தம். தாண்டினா துண்டைக் குறைங்க, மாத்திரையை நீங்களா கூட்ட வேண்டாம்.

வெறும் வயிற்றிலேயே 200-க்கு மேல் ஓடுதுன்னா முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டு வரணும், பழம் அப்புறம். கிட்னி பிரச்சனை இருப்பவர்களுக்குப் பொட்டாசியம் கணக்கும் உண்டு, உங்க டாக்டரைக் கேட்காமல் தொடாதீங்க.

வீட்டில் இருப்பவர்களே, ஃப்ரிட்ஜுக்குக் காவல் நிற்காதீங்க. நாலு துண்டு நறுக்கி நீங்களே தட்டில் வைங்க.

அடுத்த தடவை வரும்போது நோட்டில் "மாம்பழம், 4 துண்டு, 165"ன்னு எழுதிட்டு வாங்க. 240-ஆ இருந்தாலும் எழுதுங்க, திட்ட மாட்டேன்.