படகு ஏரிக்கும் கரை உண்டு

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், டொக்கோவா அருவிக்கு மேலே இருந்தது கெல்லி பார்ன்ஸ் மண் அணை. 1957க்குப் பிறகு அதில் மின்சாரம் எடுக்கவில்லை. ஏரி பொழுதுபோக்குக்கு மட்டும் என்றானது. கரைச் சரிவில் மரங்கள் வளர்ந்தன. 1973லேயே வெளிச்சரிவில் ஒரு பகுதி சரிந்திருந்ததைப் புகைப்படம் காட்டுகிறது. 1977 நவம்பர் 6, நள்ளிரவு கடந்த நேரத்தில் கனமழையில் அணை உடைந்தது. கீழே இருந்த பைபிள் கல்லூரி வளாகத்தில் 39 பேர் மாண்டனர். அதன் பிறகுதான் அதிபர் கார்ட்டர் தனியார், மாநில அணைகளைச் சோதிக்க உத்தரவிட்டார்.

அந்த அணையின் உயரம் சுமார் 12 மீட்டர்தான். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணைகளுக்கு நீளம், கொள்ளளவு முதலிய நிபந்தனைகளை வைக்கிறது. 10 மீட்டருக்கும் குறைந்த கரைகள் அதன் வரம்பிலேயே இல்லை.

நம் ஊர்ப் படகு ஏரிகளின் கரைமேல் நடைபாதையும் அலங்கார விளக்கும் போடுவது சுலபம். படம் எடுத்துப் போடவும் வசதி. கசிவு, எலிவளை, மரவேர், கலங்கல் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்கக் கரையின் அடிவாரத்தில் இறங்கி நடக்க வேண்டும். படகுக் கட்டணம் வசூலிக்கும் உள்ளாட்சிகள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதற்கொரு பொறியாளரை அனுப்பட்டும். உடைந்தால் நீர் புகும் வீடுகளின் பட்டியலும் அவர் கையில் இருக்கட்டும்.