கறிவேப்பிலைப் புழுவை விட்டுவிடுங்க

மாசிப் பனி இன்னும் விலகவில்லை. காலையில் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். இலை மேல் குருவி எச்சம் மாதிரி ஒன்று கிடக்கும், தொட்டால் நெளியும். அதுதான் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அப்போது சீண்டினால் தலைக்குப் பின்னால் கொம்பு நீட்டி ஒரு நாற்றம் விடும் பாருங்க!

போன வருஷம் வரை நானும் இதற்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்தவன்தான். இயற்கை மருந்துதானே என்கிற தைரியம். இப்ப வெட்கமா இருக்கு. பூச்சி என்றாலே அடி என்கிற பழைய புத்தி போகவில்லை, டப்பாதான் மாறியிருக்கிறது. நாலு இலை போனால் செடி மறுபடி துளிர்க்காதா?

எல்லாப் பூச்சியையும் விடச் சொல்லவில்லை. ராத்திரி திண்ணை விளக்கில் ஒட்டும் அந்துப்பூச்சிகளையும் கவனியுங்கள். வைக்கோல் மஞ்சளில், முன் இறக்கைக்கு ஒரு கரும்புள்ளியோடு இருந்தால் அது நெல் குருத்துப்பூச்சியின் பெட்டை. நவரை நட்டவர்கள் விடிந்ததும் வயலில் இறங்கி, இலை நுனியில் முட்டைக் குவியலைத் தேடிக் கிள்ளிவிடுங்க. முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டவும் அதுதான் நேரம்.

எங்கள் செடியில் இப்போது இடுப்பில் நூல் கட்டிய மூணு கூட்டுப்புழு இருக்கு. குழம்புக்கு ஒடிக்கும்போது வீட்டுக்காரம்மா அந்தக் கிளையை விட்டுத்தான் ஒடிக்கிறார்.