பனிக்குப் போர்வை, மனிதருக்கு நிழல்

வெயிலுக்கும் பனிக்கட்டிக்கும் என்றும் பகைதான். எனினும், அப்பகையை வென்று வெப்ப நாட்டிற்குள் பனிக்கட்டியைக் கொணர்ந்த வரலாறு நம் கடற்கரைக்குப் புதியதன்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் ‘ஐஸ் ஹவுஸ்’ என்று இன்றும் ஒரு பகுதி வழங்கப்படுகிறதே, அப்பெயர் எவ்வாறு வந்தது? பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த தம் நாட்டு ஏரிகளின் பனியை அறுத்துக் கப்பலேற்றி அனுப்பினார். அதைச் சேமித்து வைக்க 1842-ல் கடற்கரையோரம் எழுப்பப்பட்ட கிடங்கே அது. அதற்கு முன்னர், 1833-ல், அவர் கல்கத்தாவிற்கு அனுப்பிய முதற்சரக்கு 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின்னும் ஏறத்தாழ 100 டன் கரையாமல் கரை சேர்ந்தது. அதைக் காத்தது இயந்திரமன்று. வெப்பம் உட்புகாமல் தடுத்த, மரத்தூள் போன்ற எளிய பொருள்களே!

இவ்வுண்மையைக் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் உள்ள மீனவச் சகோதரர்கள் நன்கறிவர். உடைத்த ஐஸை மீனோடு பெட்டியில் அடுக்கியதும் அவர்கள் செய்யும் முதல் வேலை, அதை வெயில் படாமல் மூடி வைப்பதுதானே!

மரத்தூளில் தொடங்கிய இக்கலை இன்று எவ்வளவு வளர்ந்துள்ளது என்பதற்கு வியப்பான சான்றொன்று உண்டு. ஐஸ் ஹாக்கி என்பது குளிர்நாட்டு விளையாட்டு. உறைந்த பனித்தரையில், காலணியின் அடியில் பொருத்திய கூரிய தகடுகளால் வழுக்கிச் சென்று, தட்டையான ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் அடித்து ஆடுவது. நம் நாட்டில் லடாக் மக்கள் இதை விரும்பி ஆடுகின்றனர். இவ்விளையாட்டைப் பாலைவன நகரமான லாஸ் வேகாசில், ஒரு விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில், திறந்த வானத்தின்கீழ் நடத்திக் காட்டினர். 1991 செப்டம்பர் 27 அன்று இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணியும் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியும் மோதின. ஆட்டம் தொடங்கும் வேளையில் வெப்பம் 85 டிகிரி பாரன்ஹீட். பதின்மூவாயிரம் பேர் கூடியிருந்தனர். விளக்கொளி கண்டு அழையாத விருந்தாளிகளாய் வெட்டுக்கிளிகளும் வந்து பனித்தரையில் விழுந்தன. ஆயினும் ஆட்டம் இறுதிவரை நடந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் அணி 5-2 என்று வென்றது.

2014 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிசின் டாட்ஜர் மைதானத்திலும் இவ்வாறே ஓர் ஆட்டம் நடைபெற்றது. ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் கண்டு களித்தனர். அங்குப் பனி எவ்வாறு காக்கப்பட்டது என்பதே நாம் கருதத்தக்கது. அலுமினியத் தகடுகளைப் பரப்பி, அவற்றினூடே உறையாத குளிர்திரவத்தை இடைவிடாது ஓடவிட்டு, மேலே நீரை மெல்லிய படலங்களாகத் தெளித்து உறைய வைத்தனர். பணியின் பெரும்பகுதி இரவிலேயே நடந்தது. பகலில் வெயிலைத் திருப்பியனுப்பும் பளபளப்பான போர்வைகளால் தரை முழுவதும் மூடப்பட்டது. ஆட்டமும் கதிரவன் மறைந்த பின்னரே. குளிர்விக்க இத்தனை இயந்திரம் இருந்தும் அவர்கள் நிழலையும் நேரத்தையும் கைவிடவில்லை. பனிக்காக இவ்வளவு முன்யோசனை!

அன்பிற்கினிய வாசகர்களே! இவ்வியப்பை இங்குக் கூறுவதன் நோக்கம் வேறு. வெப்ப நாட்டில் ஒரு பனித்தரைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, அதே வெப்பத்தில் அமர்ந்து வேடிக்கை பார்க்கும் மனிதருக்குக் கிடைக்கிறதா?

நம் கடற்கரை இன்று உலகப் போட்டிகளின் களமாகிவிட்டது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே நடந்தது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக 30 கிலோமீட்டர் சென்றால் எட்டிவிடும் தூரம். குடும்பத்துடன் சென்று காண்பது நன்றே. ஆனால் அலையில் இருப்பவன் நீரில் நனைந்திருக்கிறான். மணலில் நிற்கும் நாமோ காய்கிறோம்.

2024 அக்டோபர் 6 அன்று, சென்னை மெரினாவில் நண்பகலை ஒட்டி நிகழ்ந்த விமான சாகசக் காட்சியைக் காண இலட்சக்கணக்கில் மக்கள் திரண்டனர். அன்று ஐவர் உயிரிழந்தனர். பலர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மகிழச் சென்றவர் மையித்தாகத் திரும்பும் துயரத்தை எந்தக் குடும்பம் தாங்கும்? அதே மாதத்தில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது.

கடலோர வெப்பத்தின் தன்மையை அறிந்துகொள்ளுங்கள். வியர்வை உலரும்போதுதான் உடல் குளிர்கிறது. பாலைவனத்தின் வறண்ட காற்றில் அது விரைந்து உலர்ந்துவிடும். நம் கரையிலோ காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதேயன்றி உலர்வதில்லை. ஆகவே, வெப்பமானி காட்டும் அளவைக் காட்டிலும் உடல் படும் பாடு மிகுதி. கூட்ட நெரிசலில் காற்றோட்டமும் குறைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயும் நீரிழிவும் உள்ளவர் ஆகியோர்க்கே ஆபத்து அதிகம்.

எனவே, இல்லத்தலைவியரும் தலைவரும் புறப்படுமுன் சிலவற்றை முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும். லுஹருக்கு முன்பிருந்து அஸர் வரை திறந்தவெளியில் நிற்பதைத் தவிருங்கள். காலைப்பொழுதையோ மாலைப்பொழுதையோ தேர்ந்தெடுங்கள். குடையும், தண்ணீரும், உப்பும் சர்க்கரையும் கலந்த உயிர்காக்கும் கரைசலும் உடன் இருக்கட்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது அருந்துங்கள். சகோதரிகளின் புர்கா காற்றுப் புகாத தடித்த செயற்கைத் துணியாயின், தளர்ந்த மெல்லிய பருத்தித் துணிக்கு மாறுவது நலம். திரும்பும் வழியையும் வாகனத்தையும் முன்னரே தீர்மானியுங்கள். காட்சி முடிந்தபின் வெயிலில் நடக்கும் நெடுந்தூரமே பலரை வீழ்த்துவது.

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியன முதல் எச்சரிக்கைகள். உடனே நிழலுக்குச் சென்றுவிடுங்கள். பேச்சுக் குழறி, நிலைதடுமாறி, உடல் அனலாய்க் கொதித்தால் அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்தானது. 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை சும்மா இராமல், உடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸோ ஈரத்துணியோ வையுங்கள். நினைவிழந்தவர் வாயில் மட்டும் நீர் புகட்டாதீர்கள்.

குடும்பங்கள் மட்டும் கவனமாயிருந்தால் போதுமா? விழா எடுப்போருக்கும் கடமை உண்டு. பந்தல், குடிநீர், கழிப்பறை, மருத்துவக் குழு, நண்பகலைத் தவிர்த்த நேரம் ஆகியவை இல்லாமல் மக்களை அழைப்பது முறையன்று. மாமல்லபுரத்தின் நாட்டிய விழா மார்கழி மாலையில் நடப்பதை எண்ணிப் பார்க்கட்டும். நம் ஊர் விளையாட்டு விழாக்களையும் பொதுக்கூட்டங்களையும் நடத்தும் இளைஞர்களும் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளனர்.

பனி கரைந்தால் மீண்டும் நீர் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம். போன உயிரைத் திரும்பப் பெற வழியில்லை. பனிக்குப் போர்வை தேடிய அறிவு, மனிதருக்கு நிழல் தேடுவதிலும் பயன்படட்டும்!